முதலுதவிக்கு மேல்

"வேகமா வர்றோம் அத்தை."

"எனக்குத் தெரியும்."

"படகுத்துறை கிட்ட வந்துருச்சு."

"பதினாறு வருஷமா இந்தத் துறைக்கு வர்றவ நான். வாயை மூடிட்டு முன்னால போய் நில்லு. கையை நீட்டித் தூணைப் புடி."

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் எனக்கு இந்த நாலு பேச்சுதான் ஞாபகம் வருகிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தது, மோட்டாரை எந்த இடத்தில் குறைத்தேன் என்பதெல்லாம் கலங்கலாகத்தான் இருக்கிறது. பேச்சு மட்டும் தெளிவாக இருக்கிறது. நாலாவது பேச்சுக்குப் பிறகு ஒரு சத்தம். இரண்டு கட்டைக்கு நடுவில் எதையோ வைத்து நசுக்கின சத்தம்.

படகுக்கும் தூணுக்கும் நடுவில் கையையோ காலையோ கொடுக்கக்கூடாது. எங்கள் படகு மன்றத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதே அதைத்தான். "படகு இடிச்சா இடிக்கட்டும். பலகையை மாத்திக்கலாம், கையை மாத்த முடியாது" என்று சொல்லுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அப்படிச் சொல்லுகிற நான்தான் என் மருமகளிடம் கையை நீட்டச் சொன்னேன்.

படகு என் கணவர் வாங்கியது. பதினெட்டு அடி, பின்னால் மோட்டார், ஆறு பேர் உட்காரலாம். அவர் போன பிறகு விற்றுவிடச் சொன்னார்கள். நான் விற்கவில்லை. நானே ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன். ஏரியில் என்னைக் 'கேப்டன் அம்மா' என்பார்கள். முதலில் கேலியாகத்தான் வைத்த பெயர். போகப் போக மரியாதையாகிவிட்டது. அந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

படகுகளுக்கு டீசல் போடுகிறவர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். துறையில் வேறு யாரும் இல்லை.

"ஐயையோ, கை! தண்ணி கொண்டாரட்டுமா? ஐஸ் இருக்கு மா, ஐஸ் இருக்கு."

மருமகள் அழவில்லை. வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். விரல்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கின. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். குழந்தைகளுக்கு நரம்பு கிடைக்காவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கை.

டீசல்காரர் துணியில் ஐஸ் கட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன் மா. எதையும் பாக்கல."

நான் அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்காமலேயே எனக்காக ஒரு மனுஷர் பொய் சொன்னார். "இல்லப்பா, நீ பாத்தே" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "டாக்ஸி கூப்பிடு" என்றேன்.

டாக்ஸியில் பாதி தூரம் போனதும் அவள் கேட்டாள்.

"டாக்டர் கேட்டா என்ன சொல்றது அத்தை?"

நடந்ததைச் சொல் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நீ பேசாம இரு, பேசினா வலி ஜாஸ்தியாகும்" என்றேன்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எப்படி ஆச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கைப்பையின் வாரைச் சரிசெய்தேன்.

"வீட்டுல மாடிப்படில விழுந்துட்டேன்" என்றாள்.

விதி எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது எனக்கு மனப்பாடம். படகில் யாராவது இறந்தாலோ, காணாமல் போனாலோ, முதலுதவிக்கு மேல் சிகிச்சை தேவைப்படுகிற காயம் பட்டாலோ, இரண்டு நாளுக்குள் நீர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்க வேண்டியவர் படகின் சொந்தக்காரர் அல்ல, அடிபட்டவர் அல்ல, ஓட்டினவர். போன வருஷம் எங்கள் மன்றத்துப் பல் டாக்டரை இதே விதியை வைத்துத்தான் துளைத்தெடுத்தேன்.

"அட, எம் பொண்டாட்டிக்குக் கணுக்கால் லேசா பிசகியிருக்கு, கேப்டன் அம்மா. இதுக்குப் போய்..."

"கட்டு போட்டீங்களா?"

"போட்டேன்."

"யார் போட்டது?"

"நான்தான். நானே டாக்டர்தானே!"

"நீங்க பல்லுக்கு டாக்டர். எலும்பு டாக்டர்கிட்ட போனீங்களா, இல்லையா?"

"போனோம்..."

"அப்போ அது முதலுதவிக்கு மேல. கிளம்புங்க ஆபீசுக்கு."

அவரை நானே கூட்டிக்கொண்டு போய்ப் படிவம் நிரப்ப வைத்தேன். மன்றம் முழுக்க ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. நானும் பெருமையாகச் சிரித்தேன்.

என் மருமகளுக்கு இரண்டு விரலிலும் உள்ளங்கையிலும் எலும்பு முறிவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுவை சிகிச்சை செய்து மெல்லிய கம்பி வைத்தார்கள். அதுவரைக்கும் 'வெறும் வீக்கமா இருக்கும், ஐஸ் வச்சா போயிடும்' என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். கம்பி வைத்த பிறகு அதற்கும் வழியில்லை.

என் மகன் அச்சகத்தில் இரவு வேலை பார்க்கிறவன். நாங்கள் ஏரிக்குப் போனபோது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவனிடம் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவன் என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை. "டீ வேணுமா மா?" என்றுதான் கேட்டான். அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். மூன்று பேரும் அந்த மாடிப்படியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

ஞாயிறு மதியம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். சத்தம் வராத செருப்பு, கழுத்தில் அட்டை. ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர். மருமகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். நான் திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். துணித் திரை பார்வையை மறைக்கும், பேச்சை மறைக்காது.

"படியில எப்படி விழுந்தீங்க?"

"கால் வழுக்கிடுச்சு."

"முட்டில அடியே இல்லையே? முழங்கையில கூட இல்ல."

"கையை ஊணிட்டேன்."

"ஊணினா மணிக்கட்டுதான் போகும். டாக்டர் நசுங்கின காயம்னு எழுதியிருக்கார். சரி, இது என்ன? மணிக்கட்டைச் சுத்தி. இது பழசு. ரெண்டு வாரம் இருக்கும்."

அது கயிறு. இரண்டு வாரத்துக்கு முன்னால் படகைக் கட்டும்போது, "சுத்திப் புடி, விட்டுடாதே" என்று நான் கத்தியதில் மணிக்கட்டில் சுற்றிப் பிடித்தாள். இழுத்துவிட்டது. விரல் விரலாகப் பிடித்து முறுக்கின மாதிரி ஒரு தடம்.

"வீட்டுல யாருக்காவது பயப்படுறீங்களா?"

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். சக்கர வண்டி ஒன்று போனது. அவ்வளவு நேரம் ஆனது.

"இல்ல."

"யோசிச்சுச் சொன்ன மாதிரி இருக்கே."

"இல்லன்னுதான் சொல்றேன்."

பிறகு அந்தப் பெண் வெளியே வந்து என் மகனைக் கூப்பிட்டாள். அவன் நின்ற இடத்துக்கும் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான்.

"நேத்துக் காலைல பத்தரைக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்டுல."

"மனைவி மாடிப்படில விழுந்தப்போ?"

"தூங்கிட்டு இருந்தேன். நைட் ஷிப்ட்."

"சத்தம் கேக்கலையா?"

"இல்ல."

"அவங்களும் கத்தலையா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக்கூடாது என்று தரையைப் பார்த்தான். முப்பத்தைந்து வயதில் அப்படித் தலை குனிந்து நின்றான். ஒரு எறும்பைக்கூட நசுக்காமல் தாண்டிப் போகிறவன். பெண்டாட்டியை அடித்தவன் மாதிரி நின்றான்.

"கேக்கல" என்றான்.

"சரி. நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு எங்க குழு கூடும். அதுக்கப்புறம் போலீசுக்குச் சொல்லணுமான்னு முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் நீங்க வார்டுக்குள்ள வர வேண்டாம்."

"அவ சாப்பிட இடது கை வராதே. யாராவது ஊட்டணும்."

"நர்ஸ் பாத்துக்குவாங்க."

அவன் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தான். நான் பின்னாலேயே போனேன்.

"நீ சாப்பிட்டியாடா?"

கேட்டதும் எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மா," என்றான். "அவங்க என்னைக் கேக்கும்போது நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"ஆமா."

"அவ சொல்லமாட்டா. நான் இப்போ போய்ச் சொன்னா, மாட்டிக்கிட்டதும் அம்மா தலையில போடுறான்னு நினைப்பாங்க."

"அப்போ யாருடா சொல்றது?"

தெரியாதவள் மாதிரி கேட்டேன். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெருவில் வழி தெரியாமல் நிற்கிற யாரோ ஒரு அம்மாவைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

அப்போதே அந்தப் பெண்ணைத் தேடிப் போயிருக்கலாம். போனேன். அவள் அறைக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். 'வேலையா இருக்காங்க, நாளைக்கு எழுத்துல கொடுத்தா இன்னும் நல்லது' என்று ஒரு சாக்கு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு நீர்ப் போக்குவரத்து அலுவலகம் திறக்கும்போது படியில் நான்தான் முதல் ஆள். பத்தரைக்கு இரண்டு நாள் முடிகிறது. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக் குழு. குமாஸ்தா சாவியைத் திருப்பிக்கொண்டே சிரித்தார்.

"வாங்க கேப்டன் அம்மா. இன்னைக்கு யாரைப் புடிச்சுட்டு வந்தீங்க? பல் டாக்டர் மறுபடியும் இடிச்சுட்டாரா?"

"விபத்துப் படிவம் ஒண்ணு கொடுங்க."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. படிவத்தை எடுத்துத் தூசி தட்டி, உட்கார நாற்காலி போட்டார். படகு எண், நாள், நேரம், படகில் இருந்தவர்கள் இருவர், இருவருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டு. காயம்பட்டவருக்கும் ஓட்டினவருக்கும் உறவு: மருமகள். இதுவரைக்கும் பேனா ஓடியது. 'விபத்து நடந்த விதத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. ஆறு கோடு போட்டிருந்தார்கள். கடைசியில் எனக்கு ஞாபகம் இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

குமாஸ்தா கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

"என்னம்மா இது? அவ சொன்னா, நான் சொன்னேன்னு நாடகம் மாதிரி இருக்கு. என்ன நடந்துச்சுன்னு எழுதணும்."

"இதுதான் நடந்துச்சு."

"படகு துறையை அணுகியபோது, அப்படின்னு ஆரம்பிங்க. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

"அப்படி ஆரம்பிச்சா படகு இடிச்ச மாதிரி இருக்கும். நான் இடிச்ச மாதிரி இருக்காது."

அவர் தலையைச் சொறிந்தார். நல்ல மனுஷர். என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். இந்த 'வாயை மூடிட்டு'ங்கறதை மட்டும் எடுத்துடலாமா? வீட்டுப் பேச்சு. பைலுக்கு எதுக்கு அது?"

"அவ வேகம்னு சொன்னா. நான் வாயை மூடுன்னேன். அதை எடுத்துட்டா, அவ ஏன் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலைன்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். காரணம் என்ற தலைப்பில் கட்டம் கட்டமாக இருந்தது. காற்று, அலை, இயந்திரக் கோளாறு, துறையின் குறைபாடு, அதிக வேகம், தவறான கட்டளை.

"காத்துன்னு போட்டுடட்டுமா? அன்னைக்குக் கொஞ்சம் காத்து இருந்துச்சே. துறையில அந்தக் கடைசித் தூண்ல இடி தாங்கற டயரும் இல்ல. துறையின் குறைபாடுன்னும் போடலாம். தப்பில்ல."

இவ்வளவு பேசிய நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? பேனாவைக் காற்றுக்கு நேராகக் கொண்டுபோனேன். கட்டத்துக்குள் ஒரு புள்ளி கூட விழுந்துவிட்டது. காற்று அடித்தது பொய்யில்லை, டயர் இல்லாததும் பொய்யில்லை. அவர் காத்திருந்தார். சுவரில் மணி ஒன்பது நாற்பது. வராந்தாவில் தலை குனிந்து நின்றவனை நினைத்துக்கொண்டேன். பேனாவைக் கீழே இறக்கி கடைசி இரண்டு கட்டத்திலும் குறி போட்டேன். காற்றில் விழுந்த புள்ளியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

"விசாரணை முடியற வரைக்கும் லைசென்ஸை இங்க வைக்கணும் மா" என்றார், ஏதோ அவர்தான் தப்புச் செய்த மாதிரி.

அட்டையைக் கொடுத்துவிட்டு, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பத்து இருபத்தைந்துக்கு அந்தப் பெண்ணின் மேஜையில் வைத்தேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தாள்.

"அந்த மணிக்கட்டுத் தடம்?"

"அதுவும் நான்தான். கயிறு. அதைப் படிவத்துல கேக்கல. நீங்க எழுதிக்கோங்க."

"நேத்து நான் உங்க பையனை விசாரிக்கும்போது நீங்க அங்கதான இருந்தீங்க?"

இதே கேள்வியை இரண்டாவது ஆள் கேட்கிறார்.

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரை வெளில நிறுத்தியிருக்க மாட்டேனே."

"ஆமா."

அவள் வெளியே போய் என் மகனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன், "பரவால்ல மேடம், உங்க வேலை அது" என்றான். என்னைத் தாண்டி வார்டுக்குள் போனான். தட்டில் ஆறிக்கிடந்த காலைச் சாப்பாட்டை எடுத்து ஸ்பூனால் அவளுக்கு ஊட்ட ஆரம்பித்தான். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

சமூகப் பணியாளரும் வந்து சேர்ந்தாள்.

"உங்க அத்தை எழுதிக் கொடுத்திருக்காங்க. படிச்சுட்டுச் சரின்னா சொல்லுங்க."

மருமகள் வாசித்தாள். ஒரு இடத்தில் அவள் புருவம் உயர்ந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

"சரிதான்" என்றாள்.

"அப்போ ஒண்ணே ஒண்ணு. நேத்து வீட்டுல யாருக்காவது பயமான்னு கேட்டேன். உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் பண்ணலைன்னா, ஏன் அவ்வளவு நேரம் யோசிச்சீங்க? அத்தையைக் காட்டிக் கொடுக்க வேண்டாம்னா?"

மகன் ஸ்பூனைத் தட்டில் வைத்தான்.

"அத்தை வெளில இருக்கட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேணாம். இருக்கட்டும்" என்றாள் மருமகள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "அத்தையைக் காப்பாத்தணும்னு நான் மாடிப்படின்னு சொல்லல. டாக்ஸில அவங்க மூஞ்சியைப் பாத்தேன். உண்மையைச் சொல்லிட்டா வீட்டுக்குப் போனதும் என்ன பேச்சு வாங்கணுமோன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். நீங்க பயமான்னு கேட்டீங்க. அடிக்கிறவங்களைத்தான் கேக்கறீங்கன்னு புரிஞ்சுது. அதான் இல்லன்னேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாளாக இவள் எனக்காகப் பொய் சொன்னாள் என்று உருகிக்கொண்டிருந்தேன். அந்த உருக்கத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது, மருமகளுக்கு நம் மேல் எவ்வளவு பாசம் என்று.

அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். "இதை எழுதிக்கவா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை. இப்போதும்.

"எழுதிக்கோங்க" என்றேன்.

அந்தப் பெண் போன பிறகு, மகன் மருந்துச் சீட்டோடு கீழே இறங்கின பிறகு, நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"எப்போலேருந்து?"

"விடுங்க அத்தை."

"படகுக்கு வந்ததுலேருந்தா?"

"அதுக்கு ரொம்ப முன்னாடி. கல்யாணம் ஆகி நாலாம் நாள். கதவைச் சத்தமா சாத்திட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஞாபகம் இல்லையா?"

எனக்கு எல்லார் பேச்சும் ஞாபகம் இருக்கும். பல் டாக்டர் பேசினது, டீசல்காரர் பேசினது, குமாஸ்தா பேசினது, வரி மாறாமல் சொல்வேன். இது இல்லை.

"இல்ல. சொல்லு."

அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். மிமிக்ரி செய்யவில்லை, ஆனாலும் அது என் குரல்தான். அதே நறுக்கு, கடைசி வார்த்தையில் அதே இழுப்பு.

"'ஏன்மா, உங்க வீட்டுல கதவே கிடையாதா? சாக்கைத் தொங்கவிட்டிருந்தீங்களா?' உங்க தங்கச்சி, அவங்க வீட்டுக்காரர், எல்லாரும் இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் வெளியே விழுந்திருக்கும். பல்லைக் கடித்து உள்ளே தள்ளினேன்.

"வேற?"

"வேணாம் அத்தை. இன்னைக்கு உங்களுக்கு இது போதும்."

"எனக்குப் போதுமா இல்லையான்னு நீ பாக்காதே," என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்திலேயே அதில் பழைய நறுக்கு இருந்தது எனக்கே கேட்டது. அவள் தோள் லேசாக ஒடுங்கியது. நான் குரலை இறக்கி மறுபடி சொன்னேன். "நீ சொல்லு. நான் கேக்கறேன்."

அவள் மறுபடி கூரையைப் பார்த்தாள். பிறகு இரண்டாவதைச் சொல்ல ஆரம்பித்தாள்.